ஆவணி ஒன்று

பொன்னுதுரை செய்த மரச்சாமானைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் அவர் பேர் தெரியும். மணையாக இருந்தால் அடிப்பக்கத்தில், தொட்டிலாக இருந்தால் அடிப்பலகைக்குக் கீழே, அலமாரியாக இருந்தால் கடைசி இழுப்பறைக்கும் அடியில், சின்ன உளியால் நிறுத்தி நிதானமாக வெட்டியிருப்பார்: ‘பொன்னுதுரை செய்தது. காஜா பேராங்.’ அதற்குக் கீழே வருஷம், மாதம், தேதி. கண்ணில் படுகிற இடத்தில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். கேட்டால், “மேல்பக்கம் வாங்கினவங்களுக்கு, கீழ்ப்பக்கம் எனக்கு” என்பார்.

பேர் விஷயத்தில் இப்படிக் கறாராக இருந்த மனிதர், தேதி விஷயத்தில் மட்டும் ஊரோடு ஒத்துப்போனார். ஒத்துப்போகாமல் என்ன செய்வது? ஆவணி பிறந்தால் கல்யாணம், தை பிறந்தால் கல்யாணம். ஆக, மணையும் பெட்டியும் அலமாரியும் ஆடியிலும் மார்கழியிலும்தான் அவருடைய கொட்டகையில் உருவாகும். அந்த இரண்டு மாதமும் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆனால் ஆடி என்று வெட்டிய மணையில் எந்த வீட்டில் மாப்பிள்ளையை உட்கார வைப்பார்கள்? மார்கழித் தேதி போட்ட தொட்டிலில் எந்தத் தாய் பிள்ளையைக் கிடத்துவாள்? அதனால் ஆடியில் முடித்த வேலைக்கெல்லாம் ஆவணி ஒன்று, மார்கழியில் முடித்ததற்கெல்லாம் தை ஒன்று என்று வெட்டிவிடுவார். நல்ல நாள் வரும்வரை சாமான் வாங்கியவர் வீட்டு மூலையில் பாயைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அது வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வரவில்லை என்பதுபோலவே எல்லோரும் நடந்துகொள்வார்கள்.

இந்தச் சின்னப் பொய் யாரையும் உறுத்தவில்லை, அவரையும் சேர்த்து. மலாயா சுதந்திரம் அடைந்த வருஷம் ஐப்பசியில்தான் அது எழுந்து வந்து அவர் முன்னால் நின்றது.

பொன்னுதுரை அம்மாவின் இடுப்பில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். மகன் தோட்டத்துத் துரை பங்களாவில் கதவு ஜன்னல் பழுதுபார்த்தவர்களோடு சுற்றி உளி பிடித்தார். ஜப்பான் சண்டை முடிந்த பிறகு மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பேராங்கில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்து, தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். கப்பல் காகிதம் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்தது. பழைய அடையாளக் கார்டை வெள்ளம் கொண்டுபோனது. புதுக் கார்டு கொடுத்தார்கள். அதில் புதுத் தேதிதான் இருந்தது.

குடியுரிமைக்கு எழுதிக்கொடுக்கப் போனபோது அங்கிருந்த மலாய் அதிகாரி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எட்டு வருஷமாக இந்த நாட்டில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். உன் கார்டு இரண்டு வருஷத்துக்குத்தான் பேசுகிறது.”

“எல்லாருக்கும் என்னைத் தெரியும், துவான்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆளுக்கொரு நண்பனைக் கூட்டி வருகிறார்கள். எழுத்தில் ஏதாவது கொண்டு வா.”

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி அஞ்சலை மலாக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அவளுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. காகிதம் இல்லாதவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பசார் கடைகளில் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

“நல்லாத்தான் இருக்கு. பொண்டாட்டி உள்ளூரு, புருஷன் வெளியூரு” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மீன் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக்கையோடு நிமிர்ந்தாள். “ஏங்க, எழுத்துதானே கேக்குறாங்க? ஊரு முழுக்க வெட்டி வச்சிருக்கீங்களே!”

அந்த நிமிஷம் அவருக்கும் அது பெரிய யோசனையாகத்தான் பட்டது.

ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சிகப்பி ஆச்சியிடம் முதலில் போனார்கள். அவர் மகள் நாச்சியம்மை கல்யாணத்துக்குப் பொன்னுதுரைதான் ஒரு ஜோடி மணை செய்தார். பிறகு ஒரு சாமி அலமாரி. ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “தாராளமாக் கொண்டு போங்க. ஆனா மணை தனியா வீட்டைவிட்டுப் போகாது. நானும் கூட வருவேன்” என்றார். காஜா பேராங்கிலேயே நாலு வீடு தள்ளி இருந்த பாக்கியலட்சுமி தொட்டிலைத் தந்தாள். அவளும் அதையேதான் சொன்னாள்: “இப்ப இதுல மூணாவது தூங்குது. மத்தியானத்துக்குள்ள தொட்டில் வீடு திரும்பணும். நானே வர்றேன்.”

ஆக, ஒரு மாட்டுவண்டியில் சாமான்கள், அவற்றுக்கு நடுவே இரண்டு பெண்கள், பின்னால் அஞ்சலையும் பொன்னுதுரையும். அஞ்சலை கையில் அவளுடைய துருவுமணை. அதிலும் எழுத்து உண்டு.

அலுவலகத்து வராந்தாவில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தார்கள். தமிழ் எழுத்தை வாசித்துச் சொல்வதற்கென்று அங்கே மாணிக்கவாசகம் என்று ஒரு குமாஸ்தா இருந்தார், கிராணி என்பார்கள். வெளியே வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது. நாலாவதற்கு வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“என்னய்யா இது? மணை விரோதி வருஷம், எட்டு வருஷத்துக்கு முந்தி, ஆவணி ஒண்ணு. தொட்டிலும் விரோதி ஆவணி ஒண்ணு. அலமாரி நந்தன வருஷம் தை ஒண்ணு. துருவுமணை விஜய வருஷம், மறுபடியும் ஆவணி ஒண்ணு. வருஷத்துக்கு ரெண்டு நாள்தான் வேலை பாப்பியா?”

“ஆடி, மார்கழி வேலைங்க.”

“எனக்குப் புரியுதுய்யா. எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். உள்ள உக்காந்திருக்காரே, அவருக்குப் புரியணுமே! போன வாரம் உக்காந்து எல்லாத்தையும் ஒரே மூச்சுல வெட்டிட்டு வந்திருக்கான்னு நினைப்பாரு.” குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வருஷம் நிஜந்தானே? அதை அப்படியே சொல்றேன். மாசத்தை மட்டும் ஒண்ணு ஜூலை, ஒண்ணு மே, ஒண்ணு டிசம்பர்னு மாத்தி வாசிச்சுடறேன். நீ தலையை மட்டும் ஆட்டு.”

பொன்னுதுரை தலையை ஆட்டவில்லை. கிராணி சொல்வதில் நியாயம் இருந்தது. மணையும் தொட்டிலும் ஆடியில், அதாவது ஜூலை வாக்கில், செய்தவைதான். ஜூலை என்று வாசித்தால் வெட்டியிருப்பதைவிட அதுதான் உண்மைக்குப் பக்கம். கண்ணை மூடிக்கொண்டால் போதும், காகிதம் கைக்கு வந்துவிடும். கவிழ்ந்து கிடந்த மணையைப் பார்த்தார். எட்டு வருஷத்து எண்ணெயும் மஞ்சளும் இறங்கி எழுத்து கறுத்திருந்தது. மற்றவர்கள் மனசு கோணக்கூடாது என்று வெட்டிய தேதி அது. அப்போது அது பொய் என்றே தோன்றவில்லை. இன்றைக்குத் தனக்காக ஒரு பொய் வேண்டும் என்னும்போதுதான் அது கனத்தது.

“வேணாங்க. வெட்டியிருக்கிறதை அப்படியே வாசிங்க” என்றார்.

“உனக்குப் பைத்தியமா?”

“எழுத்துல ஏற்கெனவே ஒரு பொய் இருக்கு. வாசிப்புலயும் இன்னொண்ணு சேந்துட்டா, அதுக்கு மேல இருக்கிற எம் பேரை மட்டும் யாரு நம்புவா?”

“பிழைக்கத் தெரியாத ஆளுய்யா நீ” என்று கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அஞ்சலை துருவுமணையைக் கையில் எடுத்து, முந்தானையால் துடைத்து, மறுபடி கீழே வைத்தாள்.

அதிகாரியே வராந்தாவுக்கு வந்துவிட்டார். கிராணி வாசிக்க வாய் திறப்பதற்குள், அவர் குனிந்து ஒரு மணையின் மீதும் தொட்டிலின் மீதும் துருவுமணையின் மீதும் விரலை வைத்தார். “இந்தக் கடைசி எழுத்துகள் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவே. ஏன்?”

எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. மாணிக்கவாசகம் பொன்னுதுரையை ஒரு பார்வை பார்த்தார். இருந்தது இருந்தபடி வாசித்தார்.

“ஒரே தேதியா? மூன்றுமா?”

“நாள் பொய், துவான்” என்றார் பொன்னுதுரை, தனக்குத் தெரிந்த பசார் மலாயில். “ஆடி எங்களுக்கு நல்ல மாசம் இல்லை. அதில் செய்ததைச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அடுத்த மாசத் தேதி போட்டேன். வருஷம் நிஜம்.”

அதிகாரி நிமிர்ந்தார். “என் அம்மாவும் எங்கள் சஃபார் மாதத்தில் கல்யாணம் வைக்க விடமாட்டாள்” என்றார். பொன்னுதுரைக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. “ஆனால் என் அம்மாவை நான் ஆதாரமாக எழுத முடியாது. மாதத்தைப் பொய்யாக எழுதுகிறவன் வருஷத்தை மட்டும் ஏன் நிஜமாக எழுதவேண்டும்?”

 கேள்வி சரியான கேள்வியாக இருந்தது. மழை தூறத் தொடங்கியிருந்தது. சாமானை உள்ளே நகர்த்த வேண்டும் என்றுதான் பொன்னுதுரைக்கு முதலில் தோன்றியது.

சிகப்பி ஆச்சிக்கும் மலாய் ஓரளவு புரியும். “என்ன கேக்குறாரு இவரு? நம்பலையா?” என்று முன்னால் வந்துவிட்டார். “நாச்சியம்மை கல்யாணம் விரோதி வருஷந்தானே! ஆடி பதினெட்டுக்கு முந்தியே மணை வந்திருச்சு. பாயைச் சுத்தி மாடிப்படிக்குக் கீழ நான்தான் வச்சேன்.”

“இல்லைங்க ஆச்சி” என்றாள் பாக்கியலட்சுமி. “ஆடி பதினெட்டுக்கு அப்புறந்தான். எனக்குத் தொட்டிலை முடிச்சுட்டுத்தான் உங்க மணைக்கே மரம் அறுத்தாரு.”

“யாரு சொன்னா? எனக்கு முடிச்ச பிறகுதான் உனக்கு.”

“எனக்குத் தெரியாதா? அந்த ஆடியிலதானே மூத்தவன் பொறந்தான்! தொட்டிலைப் பக்கத்துல வச்சுக்கிட்டே ஆடி முழுக்கச் சேலைத் தூளியில போட்டு ஆட்டினேன். முடிச்சு அவிழ்ந்து விழுந்தான். நெத்தியில தழும்பு இன்னும் இருக்கு.”

ஆச்சியின் முகம் மாறியது. அதிகாரியை விட்டுவிட்டுப் பொன்னுதுரை பக்கம் திரும்பினார். “அப்போ அவளுக்கு முடிச்சுட்டுத்தான் எனக்குச் செஞ்சீங்களா? ‘ஆச்சி, உங்க வேலைதான் முதல் வேலை’ன்னு சாமி படத்துக்கு முன்னால நின்னு சொன்னீங்களே!”

“என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு” என்றாள் பாக்கியலட்சுமி.

“ஆச்சி, அங்க பிள்ளை பிறந்திருச்சு...” என்று பொன்னுதுரை இழுத்தார்.

“எட்டு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க!”

“அவரை விடுங்க ஆச்சி. எம்மேல இருக்குற கோவத்தை அவர்மேல காட்டாதீங்க” என்றாள் பாக்கியலட்சுமி.

“உம்மேல எனக்கென்னடி கோவம்?”

அதிகாரி மாணிக்கவாசகத்தைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்கள்? விடாமல் சொல்லு.” கிராணி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மணை, தூளி, தழும்பு, சாமி படம் என்று ஒவ்வொன்றாக மலாயில் எடுத்து வைத்தார். தூளி அவிழ்ந்த இடத்தில் அதிகாரி நிறுத்தச் சொன்னார்.

“அந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா?”

“இருக்கு துவான்” என்றாள் பாக்கியலட்சுமி. “இங்கதான் பதிஞ்சோம்.”

அதிகாரி உள்ளே போனார். பிறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் முதலில் சாமானைத்தான் பார்த்தார். தொட்டிலை உள்ளே தள்ளி வைக்கும்படி பியூனுக்குக் கைகாட்டினார். “பிள்ளை பிறந்து எட்டு வருஷம் சரியாக இருக்கிறது. பொய் சொல்ல வருகிறவர்கள் வழியிலேயே ஒரு தேதியைப் பேசி வைத்துக்கொண்டு வருவார்கள்” என்றார். “இந்த இரண்டு பெண்களும் இன்றைக்குச் சாயந்திரம்வரை ஒத்துப்போக மாட்டார்கள். தனித்தனியாக எழுதி வாங்கு.”

ஆச்சி ஆடி பதினெட்டுக்கு முன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாக்கியலட்சுமி பின் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பில் குத்தி வைத்தார்கள். அடுத்த மாதம் வந்து குடியுரிமைக்கான சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அஞ்சலை வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகிறோம் என்று தெரிந்ததும் கணவரைத் திட்டத் தொடங்கினாள்: “ஒரு தேதியை ஒழுங்கா எழுதத் தெரியல, பெரிய கையெழுத்து!”

மழை விட்டதும் வண்டியில் ஏற்றினார்கள். அவசரத்தில் வண்டிக்காரர் எல்லாவற்றையும் தலைகீழாக அடுக்கிவிட்டார். மணையும் தொட்டிலும் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. இரண்டு பெண்களும் ஏறிய பிறகு மற்றவர்களுக்கு இடமில்லை. வண்டி முன்னால் போக, பொன்னுதுரை அஞ்சலையோடு பின்னால் நடந்தார். கடைவாசலில் நின்றவர்கள் எழுத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள். நிமிர்த்தி வைக்கச் சொல்லலாமா என்று ஒரு தடவை அவருக்கு வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

வண்டிக்குள் ஆச்சி குரல் கேட்டது: “சரி, அன்னிக்குத் தொட்டிலைக் கொண்டாந்தப்ப மழை பேஞ்சுச்சா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல.”