பூவாடைக்காரியின் புருஷன்

ஞானம் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நூறு வயதைத் தாண்டியும் சாகாத மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் அமிர்தலிங்கம். அவளுடைய கணவர் நாகேஸ்வரனின் தாத்தா. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர். அங்கிருந்து ஒரு கடிதம் போட்டார். அதோடு சரி. செத்துப்போனார் என்று யாரும் வந்து சொல்லாததால், அவர் சாகவில்லை. திருக்காட்டுப்பள்ளி வீட்டுக் கூடத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் படத்துக்கெல்லாம் மாலை தொங்கும். அவர் படத்துக்கு மட்டும் கிடையாது. வெளியாட்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை.

அவர் மனைவி தர்மாம்பாள் சாகும்வரை நெற்றியில் பொட்டும் தலையில் பூவும் கழுத்தில் தாலியுமாகவே இருந்தாள். அப்படியே மஞ்சள் பூசி, பூ வைத்து, சுமங்கலியாகத்தான் எடுத்துப் போனார்கள். அந்தப் பக்கத்தில் பூவும் பொட்டுமாகச் சாகிறவள் சாமியாகிவிடுவாள். பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் புதுப்புடவை எடுத்து அவளுக்குப் படைத்துவிட்டுத்தான் மற்ற காரியம். தர்மாம்பாள் அந்த வீட்டின் பூவாடைக்காரி ஆனாள். அந்த வீட்டுப் பெண்களின் தாலிக்கு அவள்தான் காவல்.

பெண்களுக்கு அது சரி. மாட்டிக்கொண்டவர் ஞானத்தின் மாமனார். அப்பா ஊரை விட்டுப் போனபோது அவர் தாயின் வயிற்றில் இருந்தார். அப்பா உயிரோடிருக்கிற மகன் அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூடாது அல்லவா? ஆடி அமாவாசைக்கு ஊரே குடமுருட்டி ஆற்றங்கரையில் நிற்கும்போது அவர் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். படிப்பது போல் வைத்துக்கொண்டிருப்பார் என்று சொல்ல வேண்டும். எழுபது வயதிலும் அப்படித்தான். கண்ணால் பார்த்திராத அப்பாவுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடாமலே அவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காட்சி நாகேஸ்வரனின் மனதில் அப்படியே தங்கிவிட்டது. பொதுப்பணித்துறையில் வேலை, மதகும் ஷட்டருமாக அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தாத்தாவைத் தேட உட்கார்ந்துவிடுவார். சென்னைக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் தூசி தின்றார். பழைய ராணுவத்தார் சங்கத்தில் விசாரித்தார். சிங்கப்பூரில் இருக்கும் சிநேகிதரை அங்குள்ள நினைவுச்சுவரில் பேர்பேராகப் பார்த்துவரச் சொன்னார். ஒன்றும் அகப்படவில்லை. ஞானம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். முதலில் கேலி செய்தாள், பிறகு சலித்துக்கொண்டாள், கடைசியில் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினாள். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவருக்கு அதே நினைப்புதான்.

“தேதி கிடைச்சா ஹரிகிட்ட சொல்லி ஆத்துல தண்ணி விடச் சொல்லு, ஞானம். அவரு தாகத்தோட அலையிறாரு.”

ஹரி என்பது அவருடைய தம்பி ஹரிஹரசுப்ரமணியன். ஞானம் சரி என்றாள். அதற்குப் பிறகு நாகேஸ்வரன் அதிக நாள் இருக்கவில்லை.

கருமாதியன்று அவளைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். முன்னால் நின்று நடத்தியவள் பிரகதீஸ்வரி அத்தை, மாமனாரின் அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து, பிறந்த வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். எண்பத்தைந்து வயதுக்கு மேலாகியும் குரலில் நடுக்கம் கிடையாது. பூவை எடு, பொட்டை அழி, வளையலைக் கழற்று என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் செய்தார்கள். இதெல்லாம் மடத்தனம் என்று வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொன்னவள்தான் ஞானம். அன்றைக்கு வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்து கொடுத்தாள். கணவர் போன துக்கம் ஒரு பக்கம். அப்படிக் குனிந்த தலையை நினைத்தால் வருகிற எரிச்சல் இன்னொரு பக்கம். இரண்டு வருஷமாகியும் இரண்டும் ஆறவில்லை.

மகள் மதிவதனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. படையல் திருக்காட்டுப்பள்ளி வீட்டில் என்று முடிவாயிற்று. அந்த வாரத்தில் ஒருநாள், மண்டப வேலைக்கு நடுவே, ஞானம் கணவரின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். போரில் இறந்தவர்களின் பெயர்களைத் தேடும் இணையதளம் அவளுக்கும் பழக்கம்தான். நாகேஸ்வரன் எப்போதும் சிங்கப்பூர், மலாயா என்று இடத்தைக் கொடுத்துவிட்டுத்தான் தேடுவார். கடிதம் அங்கிருந்துதானே வந்தது. அவள் ஏதோ நினைப்பில் இடத்தைக் குறிக்காமலே விட்டாள். பெயர் வந்து நின்றது. அமிர்தலிங்கம். தகப்பன் பெயர் சரி, ஊர் சரி, மனைவி பெயர் தர்மாம்பாள். ஜப்பான்காரன் பிடித்து, எங்கோ நியூகினி என்கிற தீவுக்குக் கொண்டுபோயிருக்கிறான். அங்கே இறந்திருக்கிறார், 1944 ஏப்ரலில். தேதியும் இருந்தது.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. “கெடச்சிடுச்சுங்க” என்று அதைப் பார்த்துச் சொன்னாள். பிறகு வெகுநேரம் அழுதாள்.

மறுநாளே தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். ஹரியிடம் சொல்வதற்கு முன்னால் அத்தையிடம் சொல்வதுதான் முறை என்று அவளுக்குத் தோன்றியது. பெற்ற மகள் அல்லவா. அத்தை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஞானம் பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா இறந்த தேதி கிடைத்துவிட்டதை மெதுவாகச் சொன்னாள். கிழவி அதிர்ந்துவிடக் கூடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அத்தை அதிரவில்லை. கீரையைத் தட்டில் போட்டாள்.

“தேதி தெரியாது. செத்துட்டாருன்னு தெரியும்” என்றாள்.

சண்டை முடிந்த பிறகு பாபநாசம் பக்கத்து ஆள் ஒருவர் வந்தாராம். அமிர்தலிங்கத்தோடு சேர்ந்து பிடிபட்டு, எப்படியோ பிழைத்து ஊர் திரும்பியவர். அறுவடைச் சமயம்; வீட்டில் தர்மாம்பாளும் கதவுக்குப் பின்னால் நின்ற ஒன்பது வயது மகளும்தான். பசியில் செத்தார், நான்தான் புதைத்தேன் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் ஒரு வாய் மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம். தர்மாம்பாள் அழவில்லை. மகளை இழுத்து, தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் தலையில் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள்.

“இருபத்தாறு வயசு எங்கம்மாவுக்கு. சேதி தெரிஞ்சா மூலையில உக்கார வச்சிடுவாங்க. சித்தப்பாமாரு நிலத்தை எடுத்துக்குவாங்க. புருஷன் வருவாருன்னு காத்திருக்கிறவளை யாரு என்ன செய்ய முடியும், சொல்லு.”

ஞானத்துக்கு முதலில் தர்மாம்பாளின் மேல் மலைப்புதான் வந்தது. கெட்டிக்காரி என்று நினைத்தாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்தே அதைக் கண்டுகொண்டாள்.

“சும்மா கெடைக்கல அது. புருஷன் செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட முடியாது அவளால. ஊர்ல எந்த எழவுன்னாலும் முதல் ஆளாப் போயி மாரடிச்சு அழுவா. என்ன எளகின மனசுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. யாருக்காக அழுவுறான்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

ஞானம் மனதில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கடைசியில் கேட்டேவிட்டாள். இதெல்லாம் தெரிந்துமா, அத்தை, எனக்கு முன்னால் நின்று பொட்டை அழிக்கச் சொன்னீர்கள்?

அத்தை ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

“எனக்கு முப்பது வயசுல அழிச்சாங்க. முன்னால நின்னது யாருன்னு நெனைக்கிற? எங்கம்மாதான். நெத்தியில இவ்வளவு பெரிய பொட்டோட வந்து நின்னா. நான் அவ மொகத்தைப் பாத்தேன். அவ பாக்கல.”

ஞானத்துக்கு அத்தையின் மேல் இருந்த கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று.

என் தம்பி ஆற்றுக்குப் போகாத பாவம் என்னோடுதான் வரும், அதை நான் சுமந்துகொள்கிறேன் என்றாள் அத்தை. ஆனால் இந்தத் தேதியை வெளியில் விடாதே என்று கெஞ்சினாள். ஹரி தண்ணீர் விட்டால் அம்மா பூவாடைக்காரி இல்லை; இத்தனை வருஷம் படைத்ததும் பொய்; அவளைக் கும்பிட்டுத் தாலி கட்டிக்கொண்ட பெண்களெல்லாம் என்ன நினைப்பார்கள்? கல்யாணத்துக்கு முன்னால் இது வெளிவந்தால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள்?

“செத்தவளைத் தாலியறுக்கணுமா உனக்கு?”

ஞானம் எழுந்து வந்தாள். தஞ்சாவூர் வரைக்கும் பஸ்ஸில் கணவரிடம் பேசிக்கொண்டே வந்தாள். சொன்னால் உங்கள் பாட்டிக்குத் துரோகம், சொல்லாவிட்டால் உங்களுக்குத் துரோகம், நான் என்ன செய்யட்டும்? அவர் உயிரோடு இருந்திருந்தால் அவர்தான் தவித்திருப்பார். இப்படி என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று அவர் மேலும் கோபம் வந்தது.

படையலன்று வீடு நிறைய சுமங்கலிகள். ஓரகத்தி முன்னால் நின்று அரக்குப் பட்டுப்புடவைக்கு மஞ்சள் தடவிக் கூடையில் வைத்தாள். கதம்பமும் சர்க்கரைப் பொங்கலும் மணத்தன. கணவனை இழந்தவர்களுக்கு அங்கே வேலையில்லை. ஞானமும் அத்தையும் அடுப்படியில் இருந்தார்கள். பெற்ற மகளின் கல்யாணப் படையலை அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. மகள் கூடைக்கு முன்னால் விழுந்து கும்பிடுவதைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நம்பிக்கையோடு கும்பிட்டது!

மதிவதனி எழுந்து நேராக அடுப்படிக்கு வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம்.

“அப்பா கம்ப்யூட்டரைத் திறந்தியாமே. கொள்ளுத்தாத்தா பத்தி ஏதாவது கெடச்சுதாம்மா?”

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஞானம் அடுப்பைக் குறைத்தாள்.

“இல்லடா. ஒண்ணும் கெடைக்கல.”

மதிவதனியின் முகம் வாடிவிட்டது. அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

“கவலைப்படாதம்மா. கல்யாணம் முடியட்டும், நான் தேடறேன். எத்தனை வருஷமானாலும் விடமாட்டேன். அப்பா ஆசைப்பட்டாரே.”

“தேடும்மா” என்றாள் ஞானம்.

மகள் கூடத்துக்குத் திரும்பிப் போனாள். அத்தை நகர்ந்து வந்து ஞானத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழுதுடாத, ஞானம். இன்னைக்குக் கூடாது.”