பனிமலை முன்னால் ஒரு நிக்காஹ்

1. கடிதம்

கீழக்கரையில் பனிமலை எங்கே இருக்கிறது என்று கேட்காத குறையாக ஒரு வெளிநாட்டு அதிகாரி கடிதம் அனுப்புவார் என்று, நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அந்தக் கடிதம் வந்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டாக்குமெண்டேஷன் பார்ப்பது என் வேலை. பாஸ்போர்ட், அட்டெஸ்டேஷன், வளைகுடா விசா என்று ஆரம்பித்தேன். இப்போது சில வருடங்களாக ஸ்பவுஸ் ஃபைல்தான் அதிகம். கணவனோ மனைவியோ வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தால், அந்தத் திருமணத்தின் பேரில் மற்றவருக்கு அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை கேட்கலாம். எங்கள் பேச்சில் 'பிஆர்'. இதில் கல்யாணம் நடந்ததற்குச் சர்டிபிகேட் வைத்தால் மட்டும் போதாது. அது ஜெனியூன் கல்யாணம், விசாவுக்காகச் செய்துகொண்டது இல்லை என்று காட்ட வேண்டும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். என் உயிரை வாங்குவது இந்த ஒன்றுதான்.

ஹிதாயா கீழக்கரைப் பெண். கணவர் சிராஜ், சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கனடா போய்க் குடிமகனாகிவிட்டவர். அங்கே அவருடைய வாப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. தாயில்லாத வீடு, ஒரே மகன். வாப்பாவை விட்டுவிட்டு அவரால் இங்கே வந்து தங்க முடியாது. ஹிதாயா அங்கே போனால்தான் இருவரும் ஒரே வீட்டில் இருக்க முடியும்.

கடிதம் சொன்னது இதுதான்: 'நிக்காஹ் அன்று எடுத்தது என்று நீங்கள் தந்திருக்கும் புகைப்படம் ஜோடிக்கப்பட்டதாகத் தெரிகிறது. சரியான விளக்கம் தராவிட்டால் தவறான தகவல் தந்ததாக முடிவு செய்ய நேரும்.' அப்படி முடிவு செய்தால் ஐந்து வருடத் தடை. அந்த நாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது.

கூடவே அந்தப் புகைப்படமும் இருந்தது. சிராஜ் கோட்டு சூட்டில், ஹிதாயா மணப்பெண் கோலத்தில், தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். பின்னால் பளபளவென்று பனிமலை. கீழே 'நிக்காஹ் அன்று, கீழக்கரை' என்று ஆங்கிலத்தில் விவரம். நான் அந்த ஃபைலில் அப்படி ஒரு படத்தை வைக்கவே இல்லை.

2. நான் வைத்தது

அந்த ஊர் வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும். மாப்பிள்ளை அங்கே ஆண்கள் நடுவில் இருப்பார். பெண் தன் வீட்டில் இருப்பாள். அவளுடைய சம்மதத்தை வீட்டில் கேட்டு வந்து அங்கே சொல்வார்கள். மாப்பிள்ளை பக்கம் போட்டோகிராபர் வேறு, பெண் பக்கம் எடுக்கிற பெண்பிள்ளை வேறு. ஆல்பத்தைப் புரட்டினால் மாப்பிள்ளையோடு ஊரே நிற்கும், மணப்பெண் மட்டும் இருக்க மாட்டாள். அப்புறம், கல்யாணத்துக்குப் பிறகு பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடே மகளுக்குத்தான். அதனால் ஹிதாயாவின் விலாசம் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான்.

இது எதுவும் ஒரு வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் எல்லாவற்றையும் விளக்கி ஒரு கவரிங் லெட்டர் எழுதினேன். ஜமாத் சர்டிபிகேட், ரிஜிஸ்டர் ஆபீஸ் சர்டிபிகேட், தனித்தனிப் படங்கள், 'சேர்ந்து எடுத்த படம் இல்லை, காரணம் இது' என்ற குறிப்பு, எல்லாம் வரிசையாக வைத்து சிராஜுக்கு அனுப்பினேன். ஆன்லைனில் ஏற்ற வேண்டியது அவர்.

நடுவில் புகுந்தது ஹிதாயாவின் அண்ணன் நசார். அவள் காக்கா என்று கூப்பிடும் அந்த மகராசன், ஆல்பத்தின் முன்னட்டையைப் போனில் படம் பிடித்து, 'ஃபைல் வெயிட்டா இருக்கட்டும்' என்று நேரே மச்சான் சிராஜுக்கு அனுப்பிவிட்டார். மச்சானும் மறுபேச்சில்லாமல் கீழே அந்த விவரத்தையும் போட்டு ஏற்றிவிட்டார்.

"ஏன் இப்படிப் பண்ணுனீங்க?" என்றேன்.

"சேர்ந்த மாதிரி ஒரு படம் கூட இல்லாட்டி என்னக்கா நெனைப்பான்? எங்க ஊருல எல்லா ஆல்பத்துலயும் முன்னட்டை இப்படித்தானே இருக்கும்? இது ஸ்டுடியோல ஒட்டுன மிக்ஸிங்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமே."

"உங்க ஊரு சின்னப் புள்ளைக்குத் தெரியும். அந்த ஆளு உங்க ஊரு சின்னப் புள்ளையா?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அந்த ஊரில் அது ஏமாற்று வேலை இல்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தாமலே ஒரு படம் வேண்டும், அதை ஸ்டுடியோ செய்து கொடுக்கும், வீட்டில் எல்லாரும் ரசிப்பார்கள். அவ்வளவுதான். இதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

3. ஸ்டுடியோ

மிக்ஸிங் செய்த முருகேசனிடம் போய் நின்றேன். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது.

"எவ்வளவு நேச்சுரலா வந்திருக்கு பாருங்கக்கா. ஒட்டுன எடம் தெரியுதா?"

"ஏலே, பனிமலையை எதுக்குலே போட்ட?"

"மாப்பிள்ளை கனடான்னு சொன்னாக. அங்கன பனிதானே? இல்லாட்டி பாம்பன் பாலம்தான் போடுவேன்."

பாம்பன் பாலத்தைப் போட்டிருந்தால் கடிதமே வந்திருக்காதோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். ஒட்டுவதற்கு முன்னால் இருந்த இரண்டு படங்களையும் தேடி எடுக்கச் சொல்லி, 'இதை நான்தான் சேர்த்தேன், எங்கள் பக்கம் இது வாடிக்கை' என்று அவன் கையெழுத்திலேயே எழுதி வாங்கினேன். படத்துக்கு விளக்கம் தயார். ஆனால் பொய்ப்படம் என்று ஒருமுறை சந்தேகம் விழுந்துவிட்டால் கல்யாணமே பொய்யோ என்ற கேள்வி வரும். அதற்கு என்ன காட்டுவது?

ஹிதாயாவிடம், "அவர் கல்யாணத்துக்கு லீவுல வந்தப்ப போன்ல கூடவா ஒரு படம் எடுக்கலை?" என்றேன்.

"வீட்டுல இத்தனை பேரு இருக்காங்கக்கா. எந்த மூலையில நின்னு எடுக்குறது?" என்றாள். பிறகு மெதுவாக, "அஞ்சு வருசம்னா எப்படிக்கா? நான் போக முடியாது, மச்சானும் வர முடியாது. வாப்பாவை வச்சுக்கிட்டு அவங்க அங்க ஒத்தையில..." என்று நிறுத்திக்கொண்டாள். மச்சான் என்றது சிராஜை. அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

4. வெட்டி எடுத்த சண்டை

போனில் இருவரும் எழுதிக்கொண்ட மெசேஜ்களை முழுசாக எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் நசார் அழகாகப் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் பண்ணிக் கொண்டுவந்தார். திறந்தேன். 'அஸ்ஸலாமு அலைக்கும். சாப்பிட்டீங்களா?' 'சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?' அடுத்த பக்கமும் அதுவே. அதற்கடுத்த பக்கமும் அதுவே. பேங்க் மேனேஜரும் கஸ்டமரும்கூட இதைவிட நெருக்கமாகப் பேசுவார்கள்.

"மீதி எங்க?"

"சண்டை போட்டதையெல்லாம் எடுத்துட்டேன்க்கா. இதுக சண்டை போடுற ஜோடின்னு தெரிஞ்சா விசா தருவானா?"

நான் எழுந்து வெளியே போய், ஒரு டீ குடித்துவிட்டு, அந்த மனிதரைத் திட்டாமல் இருக்கும் அளவுக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு திரும்பி வந்தேன். வந்தும் திட்டினேன்.

வெட்டி எடுத்தது என்ன தெரியுமா? கருவாட்டுச் சண்டை. சிராஜின் வாப்பாவுக்கு உப்பு ஆகாது. மனிதர் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர், கருவாடு கேட்டு அடம் பிடிக்கிறார். மகனுக்கு மனசு கேட்காமல் ஒரு துண்டு கொடுத்துவிடுகிறார். அன்றைக்கு டயாலிசிஸில் வாப்பா பாடாய்ப் படுகிறார். இது ஹிதாயாவுக்கு எப்படியாவது தெரிந்துவிடும். அவ்வளவுதான், பிடிபிடி என்று பிடித்துக்கொள்வாள். 'உங்க வாப்பாவை நீங்களே கொல்லப் பாக்குறீங்களா?' 'நீ அங்கன உக்காந்துக்கிட்டு ஈசியா சொல்லிருவ, அவுக மூஞ்சியைப் பாக்குறது யாரு?' 'அப்ப என்னை அங்க கூப்பிடுங்க, நான் பாக்குறேன்.' நடுநடுவே உப்பில்லாமல் புளியும் மிளகும் போட்டு மீன் ஆக்குவது எப்படி என்று இவள் சொல்லும் வாய்ஸ் மெசேஜ். அப்படியே ஆக்கப் போய்க் கெடுத்துவிட்டு சிராஜ் அனுப்பிய சட்டிப் படம்.

படிக்கப் படிக்க எனக்குக் கோபம் போய்விட்டது. ஒரு பெண் இங்கே இருந்துகொண்டு அங்கே ஒரு வீட்டின் அடுப்பை நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு வரி விடாமல் மொழிபெயர்க்க வைத்து, சான்று வாங்கி, முருகேசன் எழுதித் தந்ததோடு சேர்த்து அனுப்பினேன்.

5. வீடியோ இண்டர்வியூ

அதிகாரி ஹிதாயாவை வீடியோவில் கூப்பிட்டார். அவள் வீட்டில் நெட் சரியாக வராது என்று எங்கள் ஆபீஸ் அறையையே கொடுத்தேன். விண்ணப்பதாரர் தனியாக இருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு, நானும் நசாரும் வெளியே நின்றோம். அவர் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஓதத் தெரியாது, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து அவளே சொன்னாள். முதல் கேள்வியே படம்தான்.

"இது உண்மையான்னு கேட்டாங்கக்கா. இல்லைன்னு சொல்லிட்டேன்."

நசார் தலையில் கை வைத்தார்.

"அந்தப் படத்துல நாங்க சேர்ந்து நிக்கலை. சேர்ந்து இருந்த நாள்ல யாரும் படம் எடுக்கலைன்னு சொன்னேன். அப்புறம், மாமனாரு இப்ப கருவாடு சாப்பிடுறாரான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நேத்துக் கூட தின்னாங்க, காலையிலதான் மச்சானோட சண்டை போட்டேன்னு சொன்னேன்."

பிஆர் வந்தது. ஹிதாயா போய்ச் சேர்ந்தாள்.

6. கடைசியாக

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வருகிறவர்கள் ஆல்பத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். வாங்கி ஓரமாக வையுங்கள். எதை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நம் ஜனங்களுக்கு வீட்டுக் கூத்தை வெளியே காட்டினால் மானம் போய்விடும் என்ற பயம். அந்தக் கூத்தில்தான் குடும்பம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதற்குள் நமக்குத் தொண்டை வற்றிவிடும், வற்றினாலும் விடாதீர்கள்.

போன குளிர்காலத்தில் ஹிதாயா ஒரு படம் அனுப்பியிருந்தாள். மூன்று பேர் பனியில் நிற்கிறார்கள். சிராஜுக்குக் கண் மூடியிருக்கிறது. மாமனார் கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்க்கிறார். ஹிதாயாவின் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, ஆனாலும் சிரிப்பது தெரிகிறது. பாஸ்போர்ட் சைஸ் படங்கள் கொடுக்க வந்த முருகேசன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"எவன்க்கா எடுத்தது? தலையை வெட்டிட்டான். எனக்கு அனுப்புங்க, மலையும் போட்டு அம்சமாப் பண்ணித் தாரேன்."

"தொட்டுப் பாரு, கையை ஒடிச்சிருவேன்" என்றேன்.