கான் ஹொய் சந்தில் வெள்ளைக் கூரைகள்

கணவருக்குத் தூ டுக் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை கிடைத்ததால் நானும் வியட்நாமின் சைகோனுக்கு வந்தேன். பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. வெயிலையும் உடம்பையும் பற்றி ஆராயும் ஒரு குழுவில் சேர்ந்துகொண்டேன்.

வருடாவருடம் கோடையின் சூடு கூடிக்கொண்டே போகிறது. அதன் முதல் அடி தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள்மேல்தான் விழுகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சைக் கூரைமேல் அடித்தால் அவர்கள் உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பழைய துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய ஒரு சந்தில் வேலையைத் தொடங்கினோம். பாதி வீடுகளுக்குக் கோடைக்கு முன்னால் பூச்சு, மீதி வீடுகளுக்கு மழை வந்தபிறகு. யாருக்கு முதலில் என்று எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு சின்னக் கருவி கட்டினோம். சுற்றியிருக்கும் சூட்டையும் நாடித்துடிப்பையும் அது பதிந்துகொண்டே இருக்கும்.

பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்குச் சீட்டு விழுந்தது. அவளுடைய எதிர்வீட்டுப் பெரியவருக்கு விழவில்லை. அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும். அவரைச் சந்தே பெரியப்பா என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். எனக்கு வியட்நாமிய மொழி அரைகுறை. எங்கள் குழுவிலிருந்து கூட வரும் உள்ளூர் டாக்டர் பெண்தான் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்துச் சொல்வாள்.

கோடை உச்சத்துக்குப் போன சமயம், கருவிகள் விசித்திரமாக எதையோ சொல்ல ஆரம்பித்தன. பூச்சு அடிக்காத வீட்டுக்காரர்களுக்கும் மத்தியானத்தில் சூடு குறைந்திருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து நானும் டாக்டர் பெண்ணும் மத்தியானத்திலேயே போனோம். சந்தில் ஆளே இல்லை. தகரங்கள் வெயிலில் விரிந்து படக் படக்கென்று சத்தம் போட்டன.

தையல்காரப் பெண்ணின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரை முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் படுத்திருந்தார்கள். மின்விசிறிக்கு நேரே, நல்ல இடத்தில், பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளைக் கூரை வீட்டையும் எட்டிப் பார்த்தோம். அங்கேயும் இதே கூட்டம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லையாம்.

“எங்க வீட்ல சூடு இறங்கிடுச்சு. அவங்க வீட்ல இறங்கல. அப்ப இங்கதானே வரணும்?” என்றாள் தையல்காரப் பெண். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமா?” என்று கேட்டாள்.

வேறு நாட்டிலிருந்த குழுத் தலைவரிடம் அன்றைக்கே பேசினேன். நல்ல மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அவங்க செய்றது பெரிய விஷயம். ஆனா பூச்சு அடிச்ச வீட்டுக்கும் அடிக்காத வீட்டுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா எந்த ஊரும் கூரைக்குப் பணம் ஒதுக்காது. உலகத்துல எத்தனை தகரக் கூரை இருக்கு, யோசிங்க. மழை வர்ற வரைக்கும் அவங்கவங்க வீட்ல இருக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க.”

அவர் சொன்னதைத் தவறென்று என்னால் தள்ள முடியவில்லை. சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்.

“தெரிஞ்சே ஒருத்தரை வெயில்ல கெடன்னு சொல்லுவியா?” என்றார்.

“சொல்லாட்டி, நமக்குத் தெரியாத எத்தனையோ பேரு வெயில்லயே கெடப்பாங்கங்கிறாரு.”

அவர் ரசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் சந்து மக்களை உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் சொன்னோம். நீங்கள் செய்தது தப்பில்லை, ஆனால் அதனால் எங்கள் கணக்கு கலைகிறது, கணக்கு கலைந்தால் இன்னின்ன நடக்கலாம் என்றோம். அவரவர் வீட்டிலேயே இருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

பெரியப்பா கையை உயர்த்தினார்.

“அப்ப நான் என் வீட்லயே இருந்துக்கறேன்.” மூச்சு வாங்க நிறுத்தினார். “கப்பல்ல வர்ற மூட்டை யாரு வீட்டுக்குப் போகுது, யாரு சாப்பிடப் போறாங்கன்னு எனக்கு ஒருநாளும் தெரியாது. தூக்கினேன். இதையும் தூக்கிடறேன்.”

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் கையைத் தூக்கினார்கள். தையல்காரப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க உள்ள கெடந்தா, நானும் வந்து உங்க வாசல்ல உக்காந்துக்குவேன்” என்றாள்.

ஒருத்தி தன் வீட்டைத் திறந்துவிட்டாள். இன்னொருவர் முகம் தெரியாத மனிதர்களுக்காகத் தன் கடைசி மூச்சுகளைத் தர முன்வருகிறார். ஆய்வில் சேருபவரின் சம்மதத்தைக் கட்டாயமில்லாமல் வாங்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். கட்டாயமே இல்லாமல், அள்ளிக் கொடுக்கிற சம்மதத்தை என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

“பெரியப்பா, நீங்க குடுத்தாலும் நாங்க வாங்கக் கூடாது” என்றேன்.

“என் உடம்பு. நான் குடுக்கறேன். உனக்கென்ன?”

“உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயி, அதுலேர்ந்து கெடைக்கிற கணக்கு எங்களுக்கு வேண்டாம்.”

டாக்டர் பெண் அதை மொழிபெயர்த்தாள். பெரியப்பா திருப்தியில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரியப்பா சொன்னதை அப்படியே தலைவருக்கு எழுதினேன். ஆய்வு நெறிகளைக் கவனிக்கும் குழுவுக்கு அவரே எழுதினார்: யாரையும் சூட்டில் இருக்கச் சொல்ல வேண்டாம், மிச்ச வீடுகளுக்கும் இப்போதே பூச்சு அடித்துவிடலாம் என்று. குழு ஒப்புக்கொண்டது. ஒப்பிட்டுப் பார்க்கப் பூச்சில்லாத வீடு இல்லாமல் போனது. பின்னால் வெளிவந்த கட்டுரை நாங்கள் நினைத்த அளவுக்கு உறுதியாக எதையும் சொல்லவில்லை. திறந்த கதவுகளைப் பற்றி அதில் ஒரு பகுதி சேர்த்தோம். அதைப் படித்து எந்த ஊராவது கூரைக்குப் பணம் ஒதுக்கியதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பூச்சு காய்ந்த சில நாளில், மத்தியானம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் தரையில் எனக்கு அறிமுகமில்லாத முகங்கள். அடுத்த சந்துக்காரர்கள், எங்கள் ஆய்வில் இல்லாதவர்கள், கையில் கருவியும் இல்லை. பெரியப்பா சுவரோரம் ஒடுங்கிப் படுத்திருந்தார். நான் கால் மடக்கி ஓரமாக உட்கார்ந்தேன். தூக்கக் கலக்கத்தில் யாரோ தலையணையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்கள்.