பெஜவாடாவில் ஓடிய சடையன்

வடசேரிச் சந்தைக்கு எதிரே, வாழைக்குலை மண்டியின் மாடியில் இருந்த ஒற்றை அறைக்குப் பகவதியப்பனைத் தேடி ஆட்கள் வருவார்கள். காசி, பூரி என்று யாத்திரைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவது அவர் தொழில். யுத்த காலத்தில் கரக்பூரில் ரயில்வே கான்டீன் சமையல்காரராக இருந்தபோது இந்தி பேசக் கற்றுக்கொண்டவர். நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. திருநெல்வேலி வரை பஸ்ஸில் போனால்தான் ரயிலைப் பார்க்கலாம். அதுவரை ரயில் ஏறியே அறியாதவர்கள்கூட அவரை நம்பிக் கிளம்பினார்கள். கூட்டிப்போன ஒருவரையும் அவர் வழியில் தவறவிட்டதில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சொன்னால் அடுத்த பயணத்திலேயே யாராவது தொலைந்துபோவார்கள் என்று பயம்.

1952ஆம் வருஷம் மாசிக் கடைசியில் சண்முகவடிவு மாடியேறி வந்தாள். பறக்கைப் பக்கம் தென்னந்தோப்பு வீட்டில் தனியாக இருப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளை இல்லை. அவள் பின்னாலேயே செம்பட்டை நிறத்தில் ஒரு நாயும் படியேறி வந்து காலடியில் படுத்தது.

"தம்பி, நானும் காசிக்கு வாறேன். சடையனும் வருவான்."

பகவதியப்பன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"எக்கா, இது ரயிலாக்கும். நாயை யாருகிட்டயாவது விட்டுட்டு வாங்க."

"போன வருஷம் கண்ணு ஆப்பரேசனுக்குத் திருவனந்தபுரம் போனப்ப மைனிகிட்ட விட்டுட்டுத்தான் போனேன். ஒரு வாய் திங்கல்ல. வந்து பாத்தா எலும்பும் தோலுமா கெடக்கான். இனி ஒருக்க அப்பிடி விட மாட்டேன். அவன் வரப்பிடாதுன்னா நானும் வரல்ல."

கார்டு பெட்டியில் நாய்க்கென்று இரும்புக் கூண்டு உண்டு, சீட்டு எடுத்தால் ஏற்றுவார்கள் என்பது பகவதியப்பனுக்குத் தெரியும். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் எழுந்து போகத் தயாராய்ச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவதைப் பார்த்ததும், "சரி, பாப்போம்" என்று வந்துவிட்டது.

சென்னையில் வடக்கே போகும் வண்டியில், சடையனைக் கார்டு பெட்டிக் கூண்டில் விட்டு, அதற்கு அடுத்த பெட்டியாகப் பார்த்துக் கூட்டத்தை ஏற்றினார். தாலுகா கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிருஷ்ணமணி, ஏறியதிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"காசிக்குப் புண்ணியம் தேடிப் போறமா, நாயை மேய்க்கப் போறமா? நீரு எங்களைப் பாப்பீரா, அதைப் பாப்பீரா வே?"

அதே கேள்வி பகவதியப்பனையும் அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் சண்முகவடிவோடு இறங்கிப்போய் நாய்க்குத் தண்ணீர் காட்டிவிட்டு, ஓடிவந்து தலைகளை எண்ணினார். வெயில் ஏற ஏற நாயின் மூச்சிரைப்பும் ஏறியது.

அப்போது பெஜவாடா என்றழைக்கப்பட்ட விஜயவாடாவில் வண்டி நின்றபோது சடையன் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தான். கூண்டின் இரும்பு கை வைக்க முடியாமல் கொதித்தது. கார்டு இறங்கி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சட்டியை உள்ளே தள்ளுவதற்காகப் பகவதியப்பன் கதவை ஒரு சாண் திறந்தார். அதே நேரம் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற எஞ்சின் புஸ்ஸென்று நீராவியைக் கக்கியது. சடையன் அவர் கையை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். கழுத்துப்பட்டை கூண்டுக் கம்பியில் மாட்டிக் கழன்றது. நாய் பிளாட்பாரத்தின் மறுபுறம் குதித்து, சரக்கு வண்டிகளுக்கு நடுவே மறைந்தது.

"ஏ சடையா!" சண்முகவடிவு தண்டவாளத்தில் இறங்கிவிட்டாள்.

"எக்கா! எக்கா, நில்லுங்க!"

அவள் நிற்கவில்லை. வண்டி ஊதியது. கார்டு பச்சைக் கொடியை விரித்தார்.

எல்லாருடைய டிக்கெட்டுகளும் பகவதியப்பன் மடியில் ஒரு பையில் இருந்தன. பெட்டிக்குள் இருந்த அவர் கூட்டத்தில் ஒருவருக்கும் இந்தியோ தெலுங்கோ தெரியாது. தண்டவாளங்களுக்கு நடுவில் ஓடுகிறவளுக்கும் தெரியாது. ஒரு மூச்சு நேரம் அவர் கால் எந்தப் பக்கமும் எழவில்லை. பிறகு, நகரத் தொடங்கிய பெட்டியோடு ஓடினார். ஜன்னலோரம் இருந்தது கூட்டத்தில் ஒருத்தி, வடசேரிச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் முத்துக்கனி. டிக்கெட் பையை அவள் மடியில் எறிந்தார்.

"இட்டார்சி! இட்டார்சியில எறங்கி அங்கனயே இரிங்க! நான் வந்திருவேன்!"

"எந்த ஊரு?"

"இட்டார்சி!"

காசிக்கு வண்டி மாற வேண்டிய இடம் அது; பெயர் அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கிருஷ்ணமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினார். வண்டி போய்விட்டது.

சண்முகவடிவைக் கண்டுபிடித்தபோது அவள் சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் பெரிய குழாயின் கீழே, ஒழுகிய தண்ணீரைச் சடையன் நக்கிக்கொண்டிருந்தான். அவன் மட்டுமே அவள் கண்ணில் பட, குறுக்கே இருந்த தண்டவாளத்தில் ஓடினாள். பின்னோக்கி வந்த எஞ்சின் அவள் கண்ணில் படவில்லை. பகவதியப்பன் அவள் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவரும் கருங்கல் ஜல்லியில் விழுந்தார்கள். அவர் முழங்கை கிழிந்தது. எஞ்சின் கடந்து போன பிறகு பார்த்தால், நாய் அவள் முகத்தை நக்கிக்கொண்டு நிற்கிறது.

அவருக்கு வந்த ஆத்திரத்தில் நாயை எட்டி உதைத்திருப்பார். அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என்னை ஏசு தம்பி, அவனை ஒண்ணும் செய்யாத" என்றாள். அவர் கிழிந்த முழங்கையைத் துண்டால் கட்டிக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.

அடுத்த வண்டி கிடைத்து, தங்களுக்கும் நாய்க்கும் மறுபடி சீட்டு எடுத்து, இட்டார்சி போய்ச் சேர இரண்டாம் நாள் பகல் ஆகிவிட்டது. வழியெல்லாம் அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. இட்டார்சியில் முதல் பிளாட்பாரத்தில் கூட்டத்து ஆட்கள் இல்லை. மூன்றாம் வகுப்புப் பயணிகள் தங்கும் கூடத்தில் இல்லை. டிக்கெட் பரிசோதகரைக் கேட்டார், தெரியாது என்றார். நாக்பூரிலேயே இறங்கிவிட்டார்களோ? தாண்டிப் போய்விட்டார்களோ? ஊரில் அவர்கள் வீட்டு ஆட்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போது ஸ்டேஷனுக்கு வெளியேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏலே, இந்தத் தண்ணி காலு கழுவுததுக்கா? நல்ல தண்ணி கொண்டா மக்கா!"

ஒரு புளியமரத்தடியில் கல் கூட்டி அரிசி பொங்கிக்கொண்டிருந்தாள் முத்துக்கனி. தண்ணீர் கொண்டுவந்த இந்திக்காரப் பையன், என்ன புரிந்ததோ, குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினான். சுற்றிலும் யாத்திரைக்காரர்கள் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். பகவதியப்பன் எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது.

"கிருஷ்ணமணி அண்ணாச்சி எங்க?"

"உம்ம மேல புகார் சொல்ல ஸ்டேசன் மாஸ்டரைப் பாக்கப் போயிருக்காரு. அவரு பேசுறது இவனுவளுக்குப் புரிஞ்சாத்தானே? வந்திருவாரு. இரியும், கஞ்சி குடியும்."

"நான் சொன்ன பேரு காதுல விழுந்துதா?"

"பாதி விழுந்துது. ஸ்டேசன் வரும்பயெல்லாம் 'இட்டாசி, இட்டாசி'ன்னு கேட்டுக்கிட்டே வந்தேன். ஒருத்தன் ஆமான்னான். எறங்கினோம்."

பகவதியப்பன் கஞ்சிச் சட்டியை வாங்கினார். ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

திரும்பி வந்த கிருஷ்ணமணி தீர்த்துச் சொல்லிவிட்டார், நாய் வந்தால் தான் வர முடியாது என்று. சண்முகவடிவு தலையைக் குனிந்துகொண்டு, "நானும் இவனும் இங்கேருந்தே ஊருக்குத் திரும்பிருதோம்" என்றாள்.

"யாரும் திரும்ப வேண்டாம்" என்றார் பகவதியப்பன். அவர் குரல் உயர்ந்து அந்தக் கூட்டம் கேட்டதில்லை. "கூட்டிட்டு வந்தது நான். எல்லாரும் காசிக்குப் போறோம்."

கிருஷ்ணமணி வேறு வழியில்லாமல் வந்தார். காசி வரை யாரோடும் பேசவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் பகவதியப்பன் கிழங்குக் கடைமுன் போய் நின்றார்.

"ஐப்பசியில பூரிக்குப் போறேன். நீயும் வரணும் முத்துக்கனி. நான் வழியில எறங்க வேண்டி வந்தா வண்டியில ஒரு ஆளு வேணும்."

"அப்பம் கெழங்கை யாரு விப்பா?" என்று கேட்டபடி அவள் தராசிலிருந்த மண்ணைத் தட்டினாள். ஆனால் ஐப்பசியில் வந்தாள். அதன் பிறகு அவர் போன யாத்திரைகளில் முன்னால் அவர் நடந்தார், கூட்டத்தின் கடைசி ஆளாக அவள் நடந்தாள்.