பின் இருக்கை

எங்கள் மூத்த அத்தை அந்த நடிகரின் படம் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஆனால் ரசிகை என்று யாராவது கேலி செய்தால் கோபம் வந்துவிடும். நடிகரின் முகத்தை அத்தை சரியாகப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். அவருக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சினிமாவுக்கு வருமுன் அந்த நடிகர் போர் விமானம் ஓட்டியவர். பின் இருக்கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்து போனவர் அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா. பர்மாக் காட்டுக்கு மேலே விமானம் அடிபட்டது. நடிகர் மட்டும் திரும்பினார். எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்கே தேடி வந்து, பதினாறு வயது அத்தையிடம், "நான் மொதல்ல குதிச்சேம்மா. அவர் பின்னாலயே வந்துருவார்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு. அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தாலியைக் கழற்றவில்லை, கருமாதி செய்யவும் விடவில்லை. நடிகர் பெரிய ஆளாகி, வெறுங்கையால் இருபது பேரை அடித்துப்போடும் காலம் வந்த பிறகும், டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து அவருக்குப் பின்னால் வரும் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினார்.

எனக்கு எட்டு வயதானபோது அத்தையின் கண்ணில் புரை விழுந்திருந்தது. வீட்டில் கல்யாணங்கள் தட்டிக்கொண்டே போக, சாந்தியடையாத உயிர் ஒன்று வாசலில் நிற்பதாக ஜோசியர் சொல்லியிருந்தார். ஆடி அமாவாசைக்கு மோகனூர் காவிரியில் காரியத்தை முடித்துவிடலாம் என்று அப்பா தன் அக்காவிடம் கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்த நடிகர் படம் போடுகிறார்கள், அது முடியட்டும் என்றார் அத்தை. எனக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பதால் என்னை முன்னால் உட்காரவைத்தார்.

பொழுது சாயும் நேரம். படத்தில் அவர் விமானியாகவே நடித்திருந்தார். விமானம் மேலே ஏறியதும் அத்தை குனிந்து கேட்டார்.

"பின்னால ஆரு சாமி?"

"ஒருத்தர் உக்காந்திருக்காருங்கத்தை."

"என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்ணலீங்க. நம்மளையே பாக்கறாரு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். விமானத்தில் தீப்பிடித்தது. நடிகர் குதித்தார். என் தோளைப் பிடித்திருந்த அத்தையின் விரல்கள் இறுகின. பின்னால் இருந்தவரும் குதித்தாரா என்று கேட்டார்.

"இல்லீங்க. இடுப்பு வாரைக் கழட்டறாரு. நொட்டாங்கையிலயே கழட்டறாரு. வரமாட்டேங்குது."

பின்னால் யாருமே இல்லையே என்று அப்பா மெல்லச் சொன்னார். அத்தையைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவுருக்கு எல்லாமே நொட்டாங்கைதான்" என்றார் அத்தை. மாமாவுக்கு இடதுகைப் பழக்கம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அத்தை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. வருகிற அமாவாசைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொன்னார். நன்றாகப் பார்த்துச் சொன்னதற்கு எனக்கு முறுக்கு கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

போன மாதம் என் மகள் அந்தப் படத்தைக் கைபேசியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். மூன்று முறை பார்த்தேன். விமானத்தில் ஒரே ஓர் இருக்கைதான். நடிகரின் முதுகுக்குப் பின்னால் வெறும் தகரம். நாலாவது முறை பார்க்கப் பயமாக இருந்தது, மூடி வைத்துவிட்டேன்.

அந்த அமாவாசையன்று காவிரியில் முழுகி எழுந்த அத்தை, ஈரக் கையால் என் இரண்டு கண்களையும் தடவிக்கொடுத்தார். தாலி இல்லாத அவர் கழுத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன். பார்த்ததைச் சொல்ல மட்டுமே தெரிந்த வயது. நாற்பது வருஷமாக அத்தைக்கு உயிரோடிருந்த மாமா, நான் சொன்ன பிறகுதான் செத்துப்போனார் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.