செய்யாற்று ஊற்றுக்காலில் நான் எடுத்த சீட்டு

உத்திரமேரூர் போக வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் கேலி அளவு மீறவே, போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். வெயிலில் வேண்டாம் என்றார்கள். எனக்கோ ஆறு வற்றிக் கிடக்கும்போதுதான் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடும் ஆற்றை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம்.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். எட்டரைக்கு இறங்கி, பூரி சாப்பிட்டு (நாற்பது ரூபாய், கிழங்கில் உப்பு கம்மி), கல்வெட்டு மண்டபத்துக்கு நடந்தேன். குடவோலை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான்: பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு எடுப்பார்கள். பெயர் குடத்துக்குள் போக, வரி கட்டுகிற சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்பதும் அதே சுவரில்தான் இருக்கிறது. பாடத்தில் அந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

அங்கிருந்து காவாந்தண்டலம் பக்கம் ஆற்றங்கரைக்கு ஆட்டோ பேசினேன். போக வர அறுநூறு. ஓட்டுநர் அந்தோணி ஏறும்போதே நிபந்தனை போட்டார்.

"பதினோரு மணிக்கு நான் கால்வா கூட்டத்துல நிக்கணும் மேடம். எங்க வூட்ல மொத தபா பயிர் வெக்கிறோம்."

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. கோடையில் மேலே வெறும் மணல், அடியில் ஈரம். மணலில் நீளமாக வாய்க்கால் வெட்டினால் ஊறும் தண்ணீர் வயலுக்கு வந்துவிடும். ஊற்றுக்கால் என்கிறார்கள். வருடா வருடம் தூர் எடுக்க வேண்டும். நிலத்துக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும்; ஆள் வராத நிலத்துக்குத் தண்ணீர் முறை கிடையாது. யார் முதலில் பாய்ச்சுவது என்பதற்குச் சீட்டு.

அந்தோணி குடும்பத்துக்கு எந்தக் காலத்திலும் நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் மண்வெட்டியில், அடுத்தவர் நிலத்துக்காக, கூலிக்கு வெட்டியவர்கள். இந்த வருடம் அவர் மனைவி ஸ்டெல்லா, சென்னையில் இருக்கும் ரங்கநாதன் என்பவரின் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"நாத்து வுட்டாச்சு. மொற பின்னால போச்சுன்னா காஞ்சிடும்" என்றார் அந்தோணி. வழியெல்லாம் அதே கவலை.

கரையில் புங்கமரத்தடியில் பத்திருபது பேர், நடுவில் பித்தளைக் குடம். சீட்டை வெளியூர்க்காரர்தான் எடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். கால்வாய் வேலையைக் கவனிக்கும் விவசாயி தணிகாசலம் என்னைப் பார்த்தார். வேடிக்கை பார்க்கப் போனவள் வசமாக மாட்டிக்கொண்டேன். பெயர் வந்தவர் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று குரல் கொடுக்க வேண்டும்.

முதல் சீட்டைப் பிரித்தேன். "ரங்கநாதன்." பதில் இல்லை. அந்தோணி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாதான் எழுந்தார்.

"அந்த நெலத்துக்கு வெட்னது நான்."

"பட்டா யாரு பேர்ல கீதோ அதத்தாம்மா எழுதுவோம்" என்றார் தணிகாசலம், கோபமில்லாமல். "அவருக்கு ஒரு போன் போடு. சரின்னு சொன்னா மொத மொற ஒனக்கு நிக்கும். இல்ல, ஒம்பேருதான் வேணும்னா சொல்லு, எழுதிப் போட்டுத் திரும்பக் குலுக்கணும்."

அந்தோணி போனை எடுத்துவிட்டார்.

"போன் வேணாம்" என்றார் ஸ்டெல்லா. "வருசா வருசம் போன் போட்டுக்கினு நிக்க முடியாது. எம்பேர எழுதுங்க."

"இன்னாமே, நாத்து காஞ்சிடும்மே."

"தல சொமையா மொண்டு ஊத்திக்கிறேன்."

தணிகாசலம் ரங்கநாதன் சீட்டைக் கிழித்தார். பிறகு ஸ்டெல்லா பெயரை எழுதிப் போட்டுக் குலுக்கினார்.

மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு பெயராக வந்தது, அவர் பெயர் மட்டும் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு சீட்டு மிச்சம். அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை எடுப்பதில்லையாம். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"இன்னும் ஒண்ணு கீது. எடுத்துப் படிங்க" என்றார் ஸ்டெல்லா.

தணிகாசலம் திரும்ப உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். படித்தேன்.

"ஸ்டெல்லா."

"கீறேன்."

போக நினைப்பவர்களுக்கு: மண்டபத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஆற்று மணல் பத்து மணிக்கே சுடும், நல்ல செருப்பு அவசியம். கரையில் கடை எதுவும் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். கல்வெட்டோடு திரும்பிவிடாமல் ஆறு வரை போய் வாருங்கள்.

சில வாரம் கழித்து அந்தோணியிடம் போனில் கேட்டேன். ஸ்டெல்லா குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் பாதி நாற்று போய்விட்டதாம்.

"மீதிய நட்டுட்டோம் மேடம். நேத்துதான் எங்க மொற. தணிகாசலமே வந்து, 'ஸ்டெல்லா தண்ணி வருது, யாரும் மட மாத்தாதீங்க'ன்னு கால்வா நெடுக சொல்லிக்கினு போனாரு."