ஊருக்கு ஒரே கிடாய்

அந்த வருடங்களில் எங்கள் ஊரில் எந்தப் பட்டியை எட்டிப் பார்த்தாலும் வெள்ளாடுகள் எல்லாம் பெட்டையாகவே நின்றன. குண்டடத்திலிருந்து உள்ளே தள்ளிய சின்ன ஊர். போர்வெல் தண்ணீர் உப்பேறியதால்தான் பெட்டைக்குட்டியாகப் பிறக்கிறது என்று டீக்கடையில் ஆண்கள் முடிவு கட்டியிருந்தார்கள். ஒருவர் புதிதாக வந்த செல்போன் டவரையும் சேர்த்துக்கொண்டார்.

ஆடு ஈனும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். கிடாயும் பெட்டையும் ஏறக்குறையச் சரிபாதியாகத்தான் பிறந்தன. பெட்டையைப் பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வோம். கிடாய் கொஞ்சம் தேறியதும் கறிக்கடைக்காரரின் வண்டியில் ஏறிவிடும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி. நானும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து, சனிக்கிழமை கம்பெனி வேனில் வந்து இறங்கி, மறுநாள் எலும்பு கடித்தவள்தான். கிடாய்களை எல்லாம் தின்றுவிட்டு, கிடாயே பிறக்கவில்லை என்று கவலைப்பட்டோம். இதை டீக்கடையில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே வந்த வழியே திரும்பிவிடுவேன்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கிடாய். தெற்குத் தோட்டத்துக்காரர், போர்வெல்லில் தண்ணீர் வந்தால் அம்மனுக்கு வெட்டுவதாக வேண்டி விட்டது. சாமிக்கு விட்டதால் யாரும் காயடிக்கவுமில்லை, விற்கவுமில்லை. தாடியும் நாற்றமுமாக, ஊரிலிருந்த அத்தனை பட்டிக்கும் அதுதான் மாப்பிள்ளை.

அவர் கேட்ட தண்ணீரும் வந்துவிட்டது; அம்மன் கோயில் திருவிழாவான நோம்பியும் நெருங்கியது. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நங்கை, பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். வறட்சியில் ஆடுகளை எல்லாம் விற்று, மிஞ்சிய பெட்டைக்குட்டிகளை வளர்த்து, அவை முதல் தடவையாகப் பருவத்துக்கு வரக் காத்திருந்தாள். நேராகத் தோட்டத்துக்காரரிடம் போனாள். நான் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"இந்தக் கெடாயையும் வெட்டிப்போட்டா என்ற ஆடுகளுக்கு மாப்பளைக்கு எங்கீங்க போறது? காங்கயம் போயி சாதகம் பாக்கோணுமுங்களா?"

"சாமிக்கு உட்டது அம்மிணி. நோம்பியன்னிக்கு அது சிலுத்துச்சுன்னா வெட்டித்தான் ஆகோணும். சிலுக்கலீன்னா உன்ற பாக்கியம்."

கிடாயின் முதுகில் பூசாரி தீர்த்தம் தெளிப்பார். சில்லென்று தண்ணீர் பட்டதும் அது உடம்பைச் சிலிர்த்து உதறும். அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் அரிவாள் எடுக்கக் கூடாது.

தீர்த்தச் சொம்பு கொண்டுபோகும் முறை அந்த வருடம் நங்கையுடையது. நோம்பியன்று காலையில், நான் கம்பெனிக்கு டீ கொண்டுபோகும் பிளாஸ்க்கைக் கேட்டாள்.

"எதுக்குங்க நங்கை?"

"கேக்காத. உனக்குத் தெரிஞ்சா உன்ற மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

கோயிலில் பூசாரி சொம்புக்குள் கைவிட்டார். கை அப்படியே நின்றது. அவர் நங்கையைப் பார்த்தார். நங்கை அம்மனைப் பார்த்தாள். பூசாரி வீட்டிலும் ஒரு பட்டி நிறையப் பெட்டை ஆடுகள்தான். அவர் தெளித்தார்.

பனி விலகாத காலையில் வெதுவெதுப்பான தண்ணீர். கிடாய் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்று என்பதுபோல முதுகைக் காட்டியது. பூசாரி மறுபடி தெளித்தார். சொம்பில் தண்ணீர் ஆறிக்கொண்டே வருமே என்று நான் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிடாயைத் தவிர எல்லோரும் சிலிர்த்து நின்றோம்.

"காது ஆடுச்சு! நான் பாத்தேன்!" என்று கத்தினார் தோட்டத்துக்காரரின் மருமகன். கறிக்காகவே காங்கேயத்திலிருந்து வேன் நிறைய ஆட்களோடு வந்தவர்.

"காதெல்லாம் கணக்குல வராதுங்க மாப்பளை. முதுகு ஆடோணும்" என்றார் பூசாரி. "ஆத்தாளுக்கு இந்த வருசம் வேண்டாமாட்ட இருக்குதுங்க." மிச்சத் தண்ணீரை அவசரமாகக் கீழே ஊற்றிவிட்டார்.

மசாலா அரைத்தாகிவிட்டது. வந்தவர்களுக்குச் சோறு போட்டாக வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சேவல்களைப் பிடித்தார்கள். முட்டையிடும் கோழியை யாரும் கொடுக்கவில்லை. நங்கை இருந்த மகிழ்ச்சியில் தன் சேவலைத் தானே விரட்டிப் பிடித்துக் கொடுத்தாள்.

அவளுடைய ஆடுகள் எல்லாம் சினை பிடித்தன. ஒவ்வொன்றின் வயிற்றையும் தடவிப் பார்த்துக்கொண்டே திரிந்தாள். அதற்கடுத்து அவள் அடைவைத்த முட்டைகள்தாம் நாள் கடந்தும் பொரியவில்லை. உடைத்துப் பார்த்தால் அத்தனையும் கரு இல்லாத கூமுட்டை.

"இந்தக் கோழிக்கு அடை உக்காரவே தெரியல" என்று திட்டினாள்.

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ஊருக்குள்ள சேவல் எங்கீங்க நங்கை இருக்குது?" என்றேன்.

கையில் கூமுட்டையோடு என்னைப் பார்த்தாள். "என்ற சேவலோட தொடையைத் தின்னது ஆரு? நீதான?"

நான்தான். தொடை நன்றாகத்தான் வெந்திருந்தது.